சுத்தியல் நின்ற காலை

டிங்கர் அன்று காலை முகம் கழுவித் துடைத்ததும் செய்த முதல் வேலை, அந்தத் துண்டாலேயே தன் வாயைத் தானே கட்டிக்கொண்டதுதான். பின்னந்தலையில் ஒரு முடிச்சு. அதை நம்பாமல் அதன்மேல் இன்னொரு முடிச்சு. வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த அவருடைய அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னடா, பல்லு வலியா?"

அவர் இல்லை என்று தலையாட்டினார்.

"அப்ப எந்த வீட்டுல கொள்ளையடிக்கப் போற?"

அவர் விரலை நீட்டி வீட்டுக்குள்ளே காட்டினார். உள்ளே அவர் மனைவி, ஜன்னலோரம் போட்டிருந்த மேஜைக்கு முன்னால் நாற்காலியை இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு விஷயம் பிடிபட்டது. "போன மாசமே கட்டியிருந்தா இன்னிக்கு இந்தப் பாடு இல்ல," என்று சொல்லிவிட்டுக் குனிந்து மறுபடி பெருக்க ஆரம்பித்தாள்.

அவருடைய வாயைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். வண்டிகளின் நசுங்கிய தகட்டைத் தட்டி நிமிர்த்துவது அவர் தொழில். காலையில் சுத்தியலை எடுத்தால் வெளிச்சம் போகும் வரை தட்டல்தான். அதில் காது பாதியாகி, காது இழந்ததையெல்லாம் தொண்டை ஈடுகட்டிவிட்டது. அவர் யாரிடமாவது ரகசியம் சொன்னால் சந்துக் கோடியில் இருக்கும் டயர்க் கடைக்காரர், "அப்படியா சங்கதி!" என்று அங்கிருந்தே பதில் சொல்வார். அந்தச் சந்து முழுக்கவே அப்படித்தான். இவர் தட்டுவார், எதிரே பெயிண்டரின் கம்ப்ரஸர் உறுமும், பக்கத்தில் வண்டிச் சீட்டுத் தைக்கும் சீட்டுக்காரரின் மிஷின் கடகடக்கும், கோடியில் டயருக்குக் காற்று ஏறும். பட்டறைக்குப் பின்னாலேயே வீடு. ஒரே அறை, ஒரு ஓரத்தில் அடுப்பு, பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர், அதில் கம்பி வைத்த ஒரு ஜன்னல்.

அவர் மனைவியைச் சந்தில் எல்லோரும் 'ட்ரையல் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். வேலை முடிந்த வண்டியை வெளியே எடுத்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, "இடது பக்கம் ஏதோ ஆடுது," "கதவு இன்னும் காத்து விடுது," என்று சொல்வது அவள் பொறுப்பு. கல்யாணமாகி வந்த புதிதில், வீட்டு வாசலை அடைத்து நின்ற வண்டியை நகர்த்த ஆள் வராமல், பொறுமையிழந்து சாவியை எடுத்தவள். அப்புறம் கீழே வைக்கவில்லை. நாய்கூட வாலை மடக்கிக்கொண்டு திரும்ப வேண்டிய அந்தச் சந்தில், லாரியைப் பின்னாலேயே கொண்டுவந்து சுவரை முத்தமிடாமல் நிறுத்துவாள். டிங்கருக்கு வண்டியை நிமிர்த்தத் தெரியுமே தவிர ஓட்ட வராது. இதில் அவருக்கு வெட்கம் கிடையாது. சொல்லிச் சொல்லிப் பெருமைதான் படுவார்.

நகரத்தின் பஸ் கம்பெனி பெண்களையும் டிரைவர்களாக எடுக்கப்போகிறது என்ற செய்தியை, டயர்க்காரர்தான் தன் போனில் கொண்டுவந்து காட்டினார். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு தடவை படித்தாள். அப்புறம் டிங்கரைப் பார்த்து, "எனக்கு இந்த வேலை வேணும்," என்றாள். டிங்கர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார். இத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து 'வேணும்' என்ற வார்த்தை வந்து அவர் கேட்டதில்லை. 'இருந்தா நல்லாருக்கும்' வரும், 'பாத்துக்கலாம்' வரும். சந்தில் வேலை குறைந்துகொண்டே வருவதும் உண்மைதான். இடித்துக்கொண்ட காரை எந்தப் பட்டறைக்குக் கொண்டுபோவது என்று இப்போதெல்லாம் போனே சொல்லிவிடுகிறது, அது ஒருநாளும் இந்தச் சந்தைச் சொல்வதில்லை. ஆனால் அவள் சம்பளத்தை நினைத்து மட்டும் அதைச் சொல்லவில்லை என்று அவருக்குத் தெரியும். பெரிய பஸ் எதிரே வந்தால் அவள் கண் எங்கே போகும் என்பதைப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பார்த்தவர் அவர்.

பஸ்ஸுக்குப் படி இருக்கிறது, கதவு இருக்கிறது. ஆனால் இந்த வேலைக்குள் ஏறும் வழி கம்ப்யூட்டருக்குள் இருந்தது. முதலில் ஆன்லைனில் ஒரு எழுத்துத் தேர்வு. அதில் தேறினால்தான் வண்டியை ஓட்டிக் காட்டவே கூப்பிடுவார்கள். டிங்கர் நேராக அந்த ஆபீசுக்கே போய்விட்டார். பேப்பரில் எழுதித் தருகிறோம், இல்லையென்றால் ஆளையே கூட்டி வருகிறேன், ஒரு பஸ்ஸைக் கொடுத்துப் பாருங்கள் என்று கேட்டார். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் கெட்டவர் இல்லை. கேட்டுவிட்டுப் பாவமாக, "எல்லாமே ஆன்லைன்தாங்க இப்ப," என்றார்.

"பஸ்ஸு ரோட்டுலதானே சார் ஓடுது?"

"பஸ்ஸு ரோட்டுலதாங்க ஓடுது. பரீட்சைதான் ஆன்லைன்ல ஓடுது."

டிங்கர் வீட்டுக்குத் திரும்பினார். விண்ணப்பம் போடுவதே ஒரு கூத்தாக இருந்தது. வீட்டில் இருந்த ஒரே நல்ல போன் அவருடையது. அதில் வந்து விழும் ஓடிபி எண்ணை அவர் ஒரு காருக்கு அடியில் படுத்துக்கொண்டு கத்துவார், அவள் வீட்டுக்குள்ளிருந்து அதைத் தப்பாகப் போடுவாள், சந்தில் போகிறவர் வருகிறவர் எல்லோரும் திருத்துவார்கள். எப்படியோ போட்டு முடித்தார்கள்.

போன மாதம் நடந்ததுதான் அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. சீட்டுக்காரர் மகளின் லேப்டாப்பை இரவல் வாங்கி, டிங்கரின் போனிலிருந்து நெட் கொடுத்து, அக்கா தேர்வு எழுத உட்கார்ந்தாள். கேமரா வழியாக எங்கிருந்தோ பார்த்துக்கொண்டே இருப்பார்கள்; அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாது, வேறு ஆள் குரல் கேட்கக் கூடாது என்று அந்தப் பெண் தெளிவாகச் சொல்லியிருந்தாள். டிங்கரும் பொறுப்பாகத் தலையாட்டினார். ஆட்டிவிட்டு வேலையில் மூழ்கிப்போனவர், அவள் பாதிக் கேள்வி தாண்டியிருந்தபோது, தினமும் கத்துவதுபோல் ஜன்னலைப் பார்த்து ஒரு கத்துக் கத்தினார். "இந்தா! பதினாலாம் நம்பர் ஸ்பேனரை எங்க வெச்ச?" திரையில் சிவப்பாக ஒரு எச்சரிக்கை வந்தது. அந்தப் பதற்றம் அடங்குவதற்குள் நெட்டும் படுத்துவிட்டது. வட்டம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது, கடைசியில் 'தொடர்பு துண்டிக்கப்பட்டது' என்று வந்து நின்றது. அக்கா லேப்டாப்பை மூடினாள். வெளியே வந்து, அவர் காலடியில் கிடந்த ஸ்பேனரை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "இங்கதான் இருக்கு," என்றாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அன்று அவருக்குச் சோறு இறங்கியிருக்கும்.

இன்னும் ஒரே ஒரு தடவை எழுதலாம் என்றார்கள், அன்று பத்து மணிக்கு, ஒரு மணி நேரம். அதற்குத்தான் இந்தத் துண்டு.

வாயை அவர் கட்டிவிட்டார். நெட்டை யார் கட்டுவது? சீட்டுக்காரர் மகள் அதையும் விளக்கியிருந்தாள். இந்தச் சந்துக்கு எட்டுவது ஒரே ஒரு டவர், அதுவும் அரைகுறையாக. ஒரே குழாயில் எல்லோரும் குடத்தை வைத்தால் எப்படி வரும்? அந்த ஒரு மணி நேரம் மற்றவர்கள் குடத்தை எடுத்துவிட்டால் அக்காவுக்குத் தண்ணீர் நன்றாக வரும். முந்தின நாளே டிங்கர் கடை கடையாக ஏறி இறங்கினார். பெயிண்டர் கேட்டதுமே சரியென்றார். அவர் போனில் பார்ப்பதெல்லாம் சமையல் வீடியோ, ஒரு மணி நேரம் பார்க்காவிட்டால் யாரும் பட்டினி கிடக்கப்போவதில்லை. சீட்டுக்காரர், "என் பொண்ணு சொல்லி நான் எதை மீறியிருக்கேன்?" என்றார். டயர்க்காரரிடம்தான் விஷயம் முட்டிக்கொண்டது.

"யோவ் டிங்கரு, என் பொழப்பே இதுலதான்யா இருக்கு," என்றார் அவர், போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. "எவனுக்காவது பஞ்சரானா இதுல இருக்குற ஆப்புலதான் கூப்பிடுவான். காலைல பத்து மணிதான் நல்ல நேரம். நான் எடுக்கலன்னா அடுத்தவனுக்குப் போயிடும். அதோட விடுமா? 'இவன் ஒழுங்கா எடுக்க மாட்டான்'னு அதுவா முடிவு பண்ணி என்னைக் கடைசியில தள்ளிடும். மேல ஏறி வர ஒரு வருஷமாச்சு."

"ஒரு மணி நேரம்ப்பா."

"அதுக்கு ஒரு மணி நேரமும் ஒண்ணுதான், ஒரு மாசமும் ஒண்ணுதான். மனுசனா இருந்தா காரணம் சொல்லலாம்."

அவர் சொன்னதில் தப்பே இல்லை, அதனால்தான் டிங்கருக்கு வருத்தம் அதிகமானது. திரும்பி வந்துவிட்டார். அக்காவிடம் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள் என்று பொய் சொன்னார். அவர் பொய்யும் சந்து முழுக்கக் கேட்டிருக்கும்.

தேர்வன்று ஒன்பதரைக்கெல்லாம் சீட்டுக்காரர் மகள் கல்லூரிக்குப் போகிற வழியில் லேப்டாப்பைக் கொண்டுவந்தாள். மேஜையில் வைத்து, கேமராவைத் திருப்பி, அறையைச் சோதித்தாள். அது ஏற்கவில்லை. மறுபடி சோதித்தாள். மறுபடியும் இல்லை என்றது. அவள் குழப்பத்தோடு திரும்பிப் பார்த்து, "அக்கா, ரூம்ல இன்னொருத்தர் இருக்காருன்னு சொல்லுது," என்றாள்.

எல்லோரும் கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தார்கள். அப்புறம்தான் அந்தப் பெண் சுவரைக் காட்டினாள். அங்கே சட்டம் போட்ட படத்தில், டிங்கரின் அப்பா நெஞ்சை நிமிர்த்தி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மாவுக்கு முகமெல்லாம் பூரித்துப்போய்விட்டது. "பாத்தீங்களா? பாத்தீங்களா? ஆள் இருக்காருன்னு மெஷினுக்கே தெரியுது! நான் சொன்னா யாரு நம்புறீங்க?"

"அத்தை, கொஞ்ச நேரம் திருப்பி வெச்சுக்கலாமா?" என்று அக்கா தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அவரைச் சுவத்தைப் பாத்து நிக்க வைக்கவா? என்ன தப்பு பண்ணாரு?" என்றாள் அம்மா. ஸ்டூலை இழுத்துப் போட்டு, வேறு யாரையும் தொடவிடாமல், தானே ஏறிப் படத்தை இறக்கினாள். தூசியைத் துடைத்தாள். "வாங்க, நாம வெளிய உக்காருவோம். மருமக பரீட்சை எழுதறா," என்று அவரிடமே சொல்லி, படத்தைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்து, ஒரு பழைய கார் சீட்டில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டாள். அறையில் இப்போது ஒரே ஒருவர்தான் இருப்பதாக மெஷின் ஒப்புக்கொண்டது.

பத்து மணிக்குச் சந்து நின்றது. அப்படித்தான் சொல்ல வேண்டும். பெயிண்டர் கம்ப்ரஸரை அணைத்தார். சீட்டுக்காரர் மிஷினிலிருந்து காலை எடுத்து, போனையும் அணைத்து, இரண்டையும் ஒரே முறைப்பாக முறைத்தார். யாரோ ஒரு ஆள் ஹாரன் அடிக்கப் போனபோது பெயிண்டர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வண்டிக்கு முன்னால் பாய்ந்தார். பட்டறை வாசலில், ட்ரையலுக்காகக் காத்திருந்த ஒரு பள்ளிக்கூட வேன் நின்றது. அதன் வலப்பக்கத் தகடு பூராவும் டிங்கர் தட்டி எடுத்தது. சும்மா இருக்க மனமில்லாத பெயிண்டர், பிரஷ்ஷுக்குத்தான் சத்தம் கிடையாதே என்று மஞ்சள் பெயிண்டை எடுத்துவந்து, வேனின் கதவுப் பக்கத்தில் மங்கிப்போயிருந்த பட்டைக்குப் பதமாக ஒரு பூச்சுப் போட ஆரம்பித்தார்.

டிங்கர் கோடியைப் பார்த்தார். டயர்க்காரர் கடையைப் பூட்டிக்கொண்டிருந்தார். ஒரு தோளில் பை, கையில் போன். போன் எரிந்துகொண்டுதான் இருந்தது. சந்தைத் திரும்பிப் பார்க்காமல் வெளியே நடந்து போனார். டிங்கருக்குச் சுருக்கென்றது. அணைக்காவிட்டால் போகட்டும், முகத்தைத் திருப்பிக்கொண்டு போக என்ன இருக்கிறது? துண்டுக்குள்ளேயே இரண்டு வார்த்தை முணுமுணுத்தார். வெளியே வரவில்லை, துண்டு நல்ல துண்டு.

அமைதி ஏறிக்கொண்டே போனது. பாதிக் காதுக்குக்கூட எல்லாம் கேட்கும் அந்த அமைதி டிங்கருக்குப் புதிய அனுபவம். கூரைத் தகரம் வெயிலில் முறுக்கிக்கொள்ளும் சத்தம் கேட்டது. பெயிண்டரின் பிரஷ் சளக் சளக் என்பது கேட்டது. அம்மா படத்திடம் ஏதோ மெதுவாகச் சொல்வது கேட்டது. தன் வீட்டுக் கடிகாரத்துக்கு முள் நகரும் சத்தம் உண்டு என்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்தது. முன்னால் மரக்கட்டையின் மேல் ஒரு கார்க் கதவு கிடந்தது. சுத்தியலை அதற்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கையை என்ன செய்வது என்று தெரியாமல் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்றே நினைத்தார்.

அப்போதுதான் ஜன்னல் கம்பியில் ஒரு தட்டல் கேட்டது. டங். ஒன்றே ஒன்று.

அவர் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பினார். பட்டறைச் சத்தத்தில் குரல் எடுபடாத காலத்திலிருந்து அவர்களுக்குள் இருக்கும் பாஷை அது. இரண்டு தட்டு என்றால் 'வாங்க', சாப்பாடு ஆனாலும் சரி, கடைக்குக் கிளம்புவதானாலும் சரி. ஒரே தட்டு என்றால் 'இருக்கீங்களா?' கல்யாணமான இரண்டாவது வருஷம், ஜாக்கி நழுவி வண்டி அவர் தோள்மேல் இறங்கியது. மூச்சே விட முடியாதபோது எங்கே கத்துவது? சுத்தியல் சத்தம் நின்றுபோனதைக் கேட்டுத்தான் அவள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தாள். அன்றிலிருந்து சத்தம் கொஞ்சம் நீளமாக நின்றால் கரண்டியால் ஜன்னலில் ஒரு தட்டு வரும். அவர் சுத்தியலால் ஒரு தட்டுப் பதில் சொல்வார். தினமும் நடப்பது, நினைத்துச் செய்வதுகூட இல்லை.

டங். மறுபடி ஒன்று. தண்ணீர் டம்ளரால் தட்டுகிறாள் போலிருக்கிறது.

டிங்கருக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. அவள் இந்த வீட்டில் படித்தது, கணக்குப் போட்டது, அழுதது, சிரித்தது, தேர்வுக்காக ரோட்டு விதிகளை உருப்போட்டது எல்லாம் இந்தத் தட்டலுக்கு நடுவில்தான். தட்டல் கேட்டால் ஆள் நன்றாக இருக்கிறான். நின்றால் ஏதோ ஆகிவிட்டது. அவளுக்கு நல்லது செய்வதாக நினைத்து, அவள் தலைக்குள் அபாய மணியை அடித்துவிட்டு நாம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்! வேறு ஆள் குரல் கேட்கக் கூடாது என்றுதானே அந்தப் பெண் சொன்னாள்? சுத்தியல் எங்கே பேசியது? சத்தமே கூடாது என்று யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. போன தடவை பண்ணிய தப்புக்குப் பிராயச்சித்தமாக அவரே சேர்த்துக்கொண்டது அது.

ஆனாலும் கை எழவில்லை. தட்டி, அதனால் சிவப்பு விழுந்து, எல்லாம் போய்விட்டால்? இரண்டாவது முறையும் கெடுத்தவன் என்று ஆயுசுக்கும் இருக்க வேண்டும். அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அந்தத் தட்டல் தெரியும். சுத்தியலைப் பார்த்து முகவாயை ஒரு ஆட்டு ஆட்டினாள்.

டிங்கர் சுத்தியலை எடுத்து ஒரு தட்டுத் தட்டினார்.

பெயிண்டர் பிரஷ்ஷோடு ஓடிவந்தார். சீட்டுக்காரர் தலையில் கையை வைத்துக்கொண்டு வந்தார். வாய் திறக்க முடியாத சண்டை ஒன்று அங்கே நடந்தது. பெயிண்டர் இரண்டு கையையும் கூப்பினார், காலில் விழப்போவதுபோல் குனிந்தார். சீட்டுக்காரர் ஜன்னலைக் காட்டி, சுத்தியலைக் காட்டி, ஒரு விரல், இரண்டு விரல், மூன்று விரல் என்று நீட்டினார். நீ தட்டித் தட்டி விடை சொல்வதாக நினைத்துக்கொள்வார்கள் என்று அர்த்தம். டிங்கர் தன் நெஞ்சைத் தொட்டு, காதைத் தொட்டு, ஜன்னலைக் காட்டி எதையோ விளக்கப் பார்த்தார். வருஷக்கணக்கில் சேர்ந்து வாழ்ந்தால்தான் புரியும் விஷயத்தைக் கையால் எப்படிச் சொல்வது? பெயிண்டர் சுத்தியலைப் பிடுங்கவே வந்துவிட்டார். அம்மா எழுந்து படத்தோடு நடுவில் நின்றாள். செத்துப்போன மனிதர் அப்படி நேராகப் பார்த்தால் யார் கை நீளும்?

உள்ளேயிருந்து டங், டங் என்று வேகமாக இரண்டு தட்டல் கேட்டது. 'வாங்க.'

சாப்பிடக் கூப்பிடவில்லை, சுத்தியல் சத்தத்தைத்தான் கூப்பிடுகிறாள் என்பது டிங்கருக்குத் தெரியும். கதவை நேராக வைத்துக்கொண்டு தட்ட ஆரம்பித்தார். முதலில் பூனை நடப்பதுபோல் மெதுவாக, அப்புறம் வழக்கம்போல். சந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஜன்னலிலிருந்து எந்தத் தட்டலும் இல்லை, எந்தக் குரலும் இல்லை. அவள் எழுதுகிறாள் என்று அவருக்கு உறுதியாகிவிட்டது. எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சீட்டுக்காரர் சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டு, போய்த் தன் மிஷினில் காலை வைத்தார். அது கடகடத்தது. அந்தக் கார்க் கதவு அன்று நிமிர்ந்த மாதிரி எந்தக் கதவும் நிமிர்ந்ததில்லை. நசுங்கல் எல்லாம் தீர்ந்த பிறகும் டிங்கர் நிறுத்தவில்லை, நல்ல இடத்தையும் தட்டிக்கொண்டே இருந்தார்.

அக்கா வெளியே வந்தபோது கழுத்தெல்லாம் வியர்த்திருந்தது. எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தார்கள்.

"அனுப்பிட்டேன்," என்றாள். "விடைகள் வந்து சேந்துச்சுன்னு பச்சையா வந்துச்சு. ரிசல்ட்டு அடுத்த வாரமாம்." அப்புறம் டிங்கரிடம் திரும்பினாள். "எதுக்குங்க நிறுத்தினீங்க? வெளிய நல்லாத்தான் உக்காந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் உங்க சுத்தியலைத்தான் காது தேடுச்சு. ஒரு கேள்வியும் கண்ணுல ஏறல. நீங்க தட்டினப்புறம்தான் படிக்கவே முடிஞ்சுது."

டிங்கர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். வெறும் உம் உம் என்று வந்தது. அவள் சிரித்துக்கொண்டே பின்னால் போய், முடிச்சு இரண்டையும் அவிழ்த்துவிட்டாள். "நெட்டு நிக்காம வந்துச்சா?" என்று அவர் முதல் கத்துக் கத்தினார். கூரைத் தகரம் அதிர்ந்தது. எல்லோருக்கும் அப்போதுதான் உயிர் வந்தது.

"தண்ணி மாதிரி வந்துச்சு," என்றாள் அவள்.

சந்தில் போன்கள் ஒவ்வொன்றாகக் கண் திறந்தன. ஒரு மணி நேரம் காத்துக் கிடந்த செய்தியெல்லாம் ஒரே சமயத்தில் வந்து விழுந்து, மணியும் பாட்டும் கூவலுமாகச் சந்தே அமளிப்பட்டது. அந்த இரைச்சலுக்கு நடுவில் அக்கா வேனின் சாவியை எடுத்தாள்.

"இப்பவா?" என்றார் டிங்கர்.

"ட்ரையல் பாக்க வேண்டாமா?"

அம்மா யாரையும் கேட்காமல் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். படத்தை மறுபடி மடியில் வைத்து, ரோட்டைப் பார்த்தபடி நிமிர்த்தினாள். "இவரும் பாக்கட்டும், ஒரு மணி நேரமா வெளிய நிக்க வெச்சாச்சு." சீட்டுக்காரர், தான் தைத்த சீட்டு எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டுமென்று ஏறினார். பெயிண்டர், "பட்டை இன்னும் காயல, யாரும் பக்கத்துல கை வெக்காதீங்க!" என்று கத்திக்கொண்டே ஏறினார். டிங்கர் உள்ளே போகவில்லை. கதவுப் படியில் ஒரு காலை வைத்துத் தொங்கிக்கொண்டார். வேன் பின்னாலேயே சந்தை விட்டு வெளியேறி, பெரிய ரோட்டில் திரும்பி, பாலத்தில் ஏறியது. அவள் கியர் மாற்றுவது யாருக்கும் தெரியவில்லை. பாலத்தின் உச்சியில் காற்று உள்ளே புகுந்தபோது சீட்டுக்காரர் சின்னப்பிள்ளை மாதிரி ஊ என்று கூவினார்.

பாலம் இறங்கியதும், ரோட்டோரத்தில் ஒரு மரத்தடியில் யாரோ கையைக் குறுக்கே நீட்டி நிறுத்தச் சொன்னார்கள். தோளில் பை, கையில் போன். அக்கா வேனை ஒடித்து, கதவு சரியாக அவர் முன்னால் வந்து நிற்கும்படி நிறுத்தினாள்.

"எழுதி முடிச்சிட்டியா தங்கச்சி?" என்றார் டயர்க்காரர்.

"முடிச்சிட்டேண்ணா. நீங்க இங்க என்ன பண்றீங்க?"

"சீட்டுக்காரர் பொண்ணுகிட்ட கேட்டேன். பாலத்துக்கு இந்தப் பக்கம் வேற டவராம். இங்க உக்காந்தா உன் குடத்துல நான் கை வெச்ச மாதிரி ஆகாதாமே?" அவர் கையில் கரி அப்பியிருந்தது. "நடுவுல பஞ்சர் ஒண்ணு வந்துச்சு. நடந்தே போய் ஒட்டிட்டு வந்தேன்."

டிங்கர் துண்டுக்குள் முணுமுணுத்த இரண்டு வார்த்தையும் இப்போது நெஞ்சில் வந்து குத்தியது. ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக, கட்டு இல்லாமலேயே அவர் வாயிலிருந்து சத்தம் வரவில்லை. நகர்ந்து இடம் விட்டு, டயர்க்காரரின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார்.

"வண்டி எதுவரைக்கும் போகுது?" என்று கேட்டபடி டயர்க்காரர் உட்கார்ந்தார்.

"மொதல்ல ஏறு, அப்புறம் கேளு," என்றாள் அம்மா திரும்பிப் பார்க்காமல்.

அக்கா கண்ணாடியில் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். டிங்கர் வெளியே எட்டி, உள்ளங்கையால் வேனின் பக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டினார். பெயிண்டர் ஐயோ என்று அலறினார். வேன் கிளம்பியது. ஈர மஞ்சளில் ஐந்து விரலும் அப்படியே பதிந்திருந்தன. டிங்கர் அந்த மஞ்சள் கையை வெளியே நீட்டி, பின்னால் வந்த வண்டிகளை நிறுத்தி வேனுக்கு வழி விடச் சொல்லிக்கொண்டே போனார்.